சராசரிக்குள் மறையும் சாதி: வணிகச் சுழற்சி ஆய்வுகளும் தலித் உழைப்பும்

2019 டிசம்பரில் உயர்சாதியினரில் 39 விழுக்காட்டினர் வேலையில் இருந்தனர். 2020 ஏப்ரலில் அது 32 விழுக்காடாகக் குறைந்தது. அதே நான்கு மாதங்களில் பட்டியல் சாதியினரிடையே 44 விழுக்காடு 24 விழுக்காடாகச் சரிந்தது. இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையத்தின் (சி.எம்.ஐ.இ.) குடும்பக் கணக்கெடுப்பை வைத்துப் பொருளியலாளர்கள் அஸ்வினி தேஷ்பாண்டேயும் ராஜேஷ் ராமச்சந்திரனும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின் எண்கள் இவை. ஒரு பக்கம் 7 புள்ளிகள் இழப்பு, மறுபக்கம் 20. கொள்ளைநோய் சாதி பார்ப்பதில்லை, அது எல்லோரையும் சமமாக்கிவிடும் என்ற பேச்சு ஊரடங்கின் தொடக்க வாரங்களில் பரவலாக இருந்தது. அந்தப் பேச்சைச் சோதித்துப் பார்க்கவே இந்த ஆய்வு எழுந்தது.

பொருளாதாரம் ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது, இறங்கும்போது எத்தனை பேர் வேலை இழக்கிறார்கள் என்பதைக் கணினியில் மாதிரிகளாகக் கட்டி ஆராயும் ஒரு துறை உலகெங்கும் இயங்குகிறது. கணினிவழிப் பேரியல் பொருளாதாரம் என்று அதைச் சொல்லலாம். மைய வங்கிகள் வட்டி விகிதத்தை முடிவு செய்யும்போது மேசையில் இருப்பவை இத்துறையின் மாதிரிகள்தாம். அவற்றில் மேற்சொன்ன 20-உம் 7-உம் தனித்தனியே தென்படுமா? பெரும்பாலானவற்றில் தென்படாது. ஏன் தென்படுவதில்லை என்பதை நம்மில் பலர் "அது மேல்தட்டுப் பொருளியல்" என்ற ஒற்றை வரியில் முடித்துக்கொள்கிறோம். எதிர்த்தரப்பின் ஆவணத்தைப் படிக்காமல் வாதாட வருபவருக்கு என்ன நேருமோ அதுவே நமக்கும் நேரும்.

சுழற்சி என்று எதைச் சொல்கிறார்கள்?

வணிகச் சுழற்சி என்பது உற்பத்தி, வேலைவாய்ப்பு, வருமானம் ஆகியவை ஏறத்தாழ ஒருசேர விரிவதும் சுருங்குவதும் ஆகும். ஆர்தர் பர்ன்ஸ், வெஸ்லி மிட்செல் ஆகிய இருவரும் 1946-இல் வெளியிட்ட நூல் இதை அளக்கும் முறையை வகுத்தது. அவர்கள் பணியாற்றிய அமெரிக்கத் தேசியப் பொருளாதார ஆய்வகம் இன்றும் அந்நாட்டு மந்தநிலைகளின் தொடக்கத்தையும் முடிவையும் தேதியிட்டு அறிவிக்கிறது. அதன் கணக்குப்படி கோவிட் காலத்து அமெரிக்க மந்தநிலை 2020 பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்துவிட்டது. இரண்டே மாதங்கள்! அந்த ஏப்ரலில்தான் வேலையின்மை 14 விழுக்காட்டைத் தாண்டி நின்றது. மந்தநிலை முடிந்தது என்றால் சரிவு நின்றது என்று பொருள், வேலை திரும்பியது என்று பொருள் அல்ல. செய்தித்தாள் படிக்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கலாகாது.

கணினி ஆய்வுகளுக்கு இந்தத் தேதிகள் போதா. அவர்கள் ஒரு எண்தொடரை எடுத்து, அதில் நீண்டகாலப் போக்கு எது, சுழற்சி எது என்று பிரிக்கிறார்கள். ராபர்ட் ஹோட்ரிக், எட்வர்ட் பிரெஸ்காட் பெயரால் வழங்கும் வடிகட்டி இதற்கு மிகப் பரவலான கருவி. காலாண்டுத் தரவுக்கு அதில் 1600 என்ற எண்ணை இடுவது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 2018-இல் ஜேம்ஸ் ஹாமில்டன் இந்த வடிகட்டியை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது என்றே ஒரு கட்டுரைக்குத் தலைப்பிட்டார். தரவில் இல்லாத அசைவுகளை அதுவே உண்டாக்குகிறது என்பது அவர் வாதம். ஆயினும் பயன்பாடு நிற்கவில்லை.

நமக்கு வேறொரு கவலையும் உண்டு. ஒரு மக்கள்பிரிவின் வேலையின்மை எப்போதுமே உயர்ந்து நிற்குமானால், வடிகட்டி அதைப் 'போக்கு' என்று எடுத்து ஒதுக்கிவிடும். மேலும் கீழுமான சிறு அசைவுகள் மட்டுமே 'சுழற்சி' என்ற பெயரில் ஆய்வுக்கு வந்து சேரும். நிரந்தரமான இழப்பு வடிகட்டியின் சல்லடையில் தங்கிவிடுகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. அந்தக் கணக்கின் வேலையே அதுதான். எதை ஒதுக்கினோம் என்பதை ஆய்வின் முடிவில் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதே சிக்கல்.

ஒரே ஒரு குடும்பம் வாழும் நாடு

1982-இல் ஃபின் கிட்லாண்டும் பிரெஸ்காட்டும் வெளியிட்ட கட்டுரையிலிருந்து இன்றைய கணினி மாதிரிகளின் வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 2004-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். அவர்களது மாதிரியில் நாடு முழுவதற்கும் ஒரே ஒரு பிரதிநிதிக் குடும்பம் உண்டு. அக்குடும்பம் எதிர்காலம் முழுவதையும் கணக்கிட்டு, இன்று எவ்வளவு உழைப்பது, எவ்வளவு ஓய்வெடுப்பது என்று முடிவு செய்கிறது. தொழில்நுட்பத்தில் ஓர் அதிர்ச்சி வந்து உற்பத்தித்திறன் குறைந்தால் கூலி குறையும். கூலி குறைந்தால் அக்குடும்பம் "இப்போது ஓய்வெடுப்போம், பிறகு உழைப்போம்" என்று தீர்மானிக்கும். மந்தநிலை என்பது இவ்வளவுதான். வேலையிழப்பு என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை.

இக்குறையை உணர்ந்து ரிச்சர்ட் ரோஜர்சனும் கேரி ஹான்சனும் 1980-களில் ஒரு திருத்தம் செய்தனர். ஒருவர் முழுநேரம் உழைக்கலாம், அல்லது உழைக்காமல் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. யார் உழைப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். சீட்டு விழாதவருக்கும் முழுக் காப்பீடு உண்டு. இதன் வழக்கமான வடிவத்தில் உழைப்பவரும் உழைக்காதவரும் ஒரே அளவு நுகர்கிறார்கள், உழைக்காதவருக்கு ஓய்வும் மிச்சம். ஆக, வேலை கிடைக்காதவரே அந்த நாட்டின் அதிருஷ்டசாலி. கணிதத்தில் பிழை இல்லை. சேரியில் பிறந்தவரின் சீட்டும் அக்ரகாரத்தில் பிறந்தவரின் சீட்டும் ஒரே குடுவையில் கிடக்கின்றன என்று கொண்டால்தான் இது செல்லும், அவ்வளவே.

இந்தச் சராசரிப் பார்வையின் உச்சம் ராபர்ட் லூகாஸ் 1987-இல் செய்த கணக்கு. வணிகச் சுழற்சிகளை அறவே ஒழித்துவிட்டால் மக்களுக்கு என்ன நன்மை என்று அவர் கேட்டார். சராசரி நுகர்வோருக்குக் கிடைக்கும் நன்மை அவரது நுகர்வில் ஒரு விழுக்காட்டின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை என்பது விடை. ஏற்ற இறக்கங்களைத் தணிக்க அரசு மெனக்கெட வேண்டியதில்லை என்ற வாதத்திற்கு அது வலுவூட்டியது. நாட்டின் மொத்த நுகர்வு மந்தநிலையில் இரண்டு மூன்று விழுக்காடுதான் குறையும். அந்த இரண்டு மூன்று விழுக்காடும் எல்லோர் தட்டிலிருந்தும் சிறிது சிறிதாக எடுக்கப்படுகிறதா, சிலரது தட்டு முழுவதுமாகக் கவிழ்க்கப்படுகிறதா என்பது ஒற்றைக் குடும்ப மாதிரியில் கேட்கவே முடியாத கேள்வி.

1990-களில் அது கேட்கத்தக்கதாயிற்று. மார்க் ஹகெட், ராவ் அய்யாகரி ஆகியோர் சொத்திலும் வருமானத்திலும் வேறுபட்ட பல குடும்பங்கள் கொண்ட மாதிரிகளைக் கட்டினர். பெர் குருசெல், அந்தோணி ஸ்மித் இருவரும் 1998-இல் அதில் வணிகச் சுழற்சியைச் சேர்த்தனர். கணினியின் துணையின்றி இவற்றைத் தீர்க்கவே இயலாது. ஆனால் அவர்கள் கண்ட முதல் முடிவு வியப்பூட்டியது: நாட்டின் மொத்தப் போக்கைக் கணிக்கச் சொத்தின் சராசரி ஒன்றே ஏறத்தாழப் போதும், யாரிடம் எவ்வளவு என்பது அநேகமாகத் தேவையில்லை. காரணம் எளிது. மூலதனம் பெரிதும் பணக்காரர்களிடம் இருக்கிறது. இல்லாதவர் என்ன செய்தாலும் மூலதனத்தின் மொத்தம் அசைவதில்லை. மொத்தத்தில் தெரியாதவர் வாழ்வில் என்ன நேர்கிறது என்று அவர்களே அடுத்த கட்டத்தில் கணக்கிட்டபோது, சொத்தும் வேலையும் அற்றவர்களுக்குச் சுழற்சியை ஒழிப்பதன் நன்மை லூகாஸ் சொன்ன சராசரியைவிடப் பன்மடங்கு என்று தெரிந்தது. 2018-இல் கிரெக் கப்லான், பெஞ்சமின் மோல், ஜியான்லூகா வியோலாந்தே மூவரும் இந்தப் பன்மைக் குடும்பங்களை மைய வங்கிகள் கையாளும் வகை மாதிரியோடு இணைத்தனர். வட்டி மாற்றம் மக்களைச் சென்றடைவது பெரும்பாலும் வேலை, கூலி ஆகியவற்றின் வழியே என்று அம்மாதிரி காட்டியது. ஆக, ஒற்றைக் குடும்பம் கணிதத்தின் கட்டாயம் அன்று. அது ஒரு வசதி. அந்த வசதியின் காலமும் முடிந்துவிட்டது.

வேலையைத் தேடுதல், ஆளைத் தேடுதல்

உழைப்புச் சந்தையைப் பற்றிய மாதிரிகளில் இன்று மேலோங்கி நிற்பது பீட்டர் டைமண்ட், டேல் மார்ட்டென்சன், கிறிஸ்டோபர் பிசாரிடெஸ் ஆகியோருக்கு 2010-இல் நோபல் பரிசைப் பெற்றுத்தந்த தேடல், பொருத்தல் கோட்பாடு. வேலை தேடுவோர் ஒருபுறம், காலியிடங்கள் மறுபுறம். இரண்டும் சந்திக்கக் காலமும் செலவும் பிடிக்கும். இத்தனை பேர், இத்தனை இடங்கள் என்று கொடுத்தால் ஒரு மாதத்தில் எத்தனை பேர் வேலையில் அமர்வார்கள் என்பதை ஒரு சார்பு சொல்லிவிடும்.

2005-இல் ராபர்ட் ஷைமர் இதன் பெரும் ஓட்டை ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவில் காலியிடங்களுக்கும் வேலையற்றோருக்குமான விகிதம், உற்பத்தித்திறனைப் போல ஏறத்தாழ 20 மடங்கு ஆட்டம் காண்கிறது. மாதிரியோ இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவுதான் ஆடும் என்கிறது. உண்மையான மந்தநிலைகளில் வேலை தேடுவோர் படும் பாட்டின் பெரும்பகுதியை அம்மாதிரியால் விளக்க முடியவில்லை. கூலி எளிதில் இறங்காமை, முதலாளிக்குக் கிடைக்கும் மிச்சத்தின் சிறுமை எனப் பல திருத்தங்கள் இன்றுவரை முன்வைக்கப்படுகின்றன. விவாதம் ஓயவில்லை.

இந்த இடத்தில் நாம் 1936-க்குத் திரும்ப வேண்டும். 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் அம்பேத்கர் முன்வைத்த ஒரு பொருளியல் வாதம் போதிய அளவு பேசப்படவில்லை. தொழில்கள் மாறிக்கொண்டே இருப்பவை. அம்மாற்றத்துக்கேற்ப ஒருவர் தம் தொழிலை மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தால்தான் பிழைக்க முடியும். அந்த உரிமையைச் சாதி மறுப்பதால், நாட்டு வேலையின்மைக்குச் சாதியே நேரடிக் காரணங்களுள் ஒன்றாகிறது என்றார் அவர். கொலம்பியாவிலும் இலண்டனிலும் பொருளியல் பயின்று முனைவர் பட்டங்கள் பெற்றவர் சொன்ன இந்தச் சொல்லைச் சமூகச் சீர்திருத்த உரையின் ஒரு பத்தி என்று கடந்துபோவது அவருக்குச் செய்யும் நீதி அன்று. தேடல் கோட்பாட்டார் பிற்காலத்தில் 'உராய்வு' என்று பெயரிட்டதை அவர் சாதியாகவே கண்டார்.

உராய்வுக்குச் சான்றும் உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு 0.67, இஸ்லாமியப் பெயருக்கு 0.33. தேடல் மாதிரியின் மொழியில் சொன்னால், ஒரே அளவு தேடுகிறவருக்கு இரு வேறு பொருத்தல் சார்புகள். கைவான் முன்ஷியும் மார்க் ரோசன்ஸ்வைக்கும் 2016-இல் மறுபக்கத்தைக் காட்டினர்: நெருக்கடியில் கைகொடுப்பது ஊரிலுள்ள சாதி வலைப்பின்னலே என்பதால், நகரில் கூலி கூடுதல் என்று தெரிந்தும் ஆண்கள் ஊரைவிட்டு நிரந்தரமாகப் பெயரத் தயங்குகின்றனர். சாதி ஒரு கதவைச் சாத்துகிறது. இன்னொன்றைத் திறந்துவைத்து அதன் வாசலிலேயே கட்டிப்போடுகிறது.

இத்தகைய தடைகளைப் பேரியல் மாதிரிக்குள் கொண்டுவருவது நடக்காத காரியம் அன்று. அமெரிக்காவில் 1960-இல் மருத்துவர், வழக்கறிஞர்களில் 94 விழுக்காட்டினர் வெள்ளை ஆண்கள்; 2010-இல் 62 விழுக்காடு. சாங்-டாய் ஷே உள்ளிட்ட நால்வர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த அரை நூற்றாண்டில் தலைக்கு உற்பத்தி வளர்ந்ததில் 20 முதல் 40 விழுக்காடு வரை இத்தகைய தடைகள் தளர்ந்ததால் வந்தது என்று கணக்கிட்டது. ஒதுக்கப்பட்டவருக்கு இடம் கொடுத்தால் திறன் குறையும் என்று நீதிமன்றங்களில் நம்மிடம் வாதிடுவோர் படிக்க வேண்டிய ஆய்வு இது.

முதலில் நீக்கப்படுவோர்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 1972 முதல் கறுப்பின மக்களின் வேலையின்மையை மாதந்தோறும் தனியே வெளியிடுகிறது. அன்றிலிருந்து பெரும்பாலான காலம் அது வெள்ளையரின் விகிதத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்காகவே இருந்துவருகிறது. 2007-இல் தொடங்கிய பெருமந்தநிலையின் பின்விளைவாக நாட்டு வேலையின்மை 2009 அக்டோபரில் 10 விழுக்காட்டைத் தொட்டது. கறுப்பினத்தாரிடையே அது 2010 மார்ச்சில் 16.8 வரை ஏறியது.

கடைசியில் சேர்க்கப்படுவோர், முதலில் நீக்கப்படுவோர் என்று கறுப்பின மக்களைப் பற்றிச் சொல்வதுண்டு. கென்னத் கௌச்சும் ராபர்ட் ஃபேர்லியும் 2010-இல் இதைத் தரவைக் கொண்டு சோதித்தனர். ஒரே ஆட்களை அடுத்தடுத்த மாதங்களில் பின்தொடர்ந்தபோது, சரிவு தொடங்கியதும் முதலில் நீக்கப்படுவோர் கறுப்பினத்தாரே என்பது உறுதியாயிற்று. கடைசியில் சேர்க்கப்படுவோர் என்ற பாதிக்குச் சான்று கிடைக்கவில்லை. மீட்சியின் தொடக்கத்திலேயே அவர்களும் வேலைக்கு எடுக்கப்படுகின்றனர். இந்த வேறுபாடு போராட்டத்துக்குப் பயன்படும். சேர்க்கையில் இட ஒதுக்கீடு கேட்பது ஒன்று. ஆட்குறைப்பில் பாதுகாப்பு கேட்பது வேறொன்று. எங்கே காயம் என்று தெரியாமல் மருந்து கேட்க முடியாது.

தரவு இருந்ததால் சட்டமும் வந்தது. மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் முழு வேலைவாய்ப்பை இலக்காகக் கொள்ள வேண்டும் என்ற 1977, 1978-ஆம் ஆண்டுச் சட்டங்களின் பின்னணியில் குடியுரிமை இயக்கம் நின்றது. மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங் முழு வேலைவாய்ப்புக்கான இயக்கத்தின் முன்னணியில் இருந்தார். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்த இருவரில் ஒருவர் கறுப்பின உறுப்பினரான அகஸ்டஸ் ஹாக்கின்ஸ். வட்டி விகிதத்தைக் குறைத்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தளர்ந்த நாணயக் கொள்கை கறுப்பினத்தாருக்கு வேலையைச் சற்றுக் கூட்டினாலும், பங்குகளும் வீடுகளும் விலையேறுவதால் வெள்ளையரின் சொத்தை அதைவிடப் பெரிதாக ஊதிவிடுகிறது என்று 2022-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

இங்கே என்ன இருக்கிறது?

2016-இல் திருத்தப்பட்ட இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் முகவுரை விலை நிலைத்தன்மையை இலக்காகவும், வளர்ச்சியை மனத்தில் கொள்ள வேண்டிய ஒன்றாகவும் சொல்கிறது. வேலைவாய்ப்பு என்ற சொல் அதில் இல்லை. பணவீக்க இலக்கு 4 விழுக்காடு, இருபுறமும் 2 விழுக்காடு தளர்வு. வங்கியின் காலாண்டு முன்கணிப்பு மாதிரி பணவீக்கம், வட்டி, நாணய மாற்று, உற்பத்தி இடைவெளி ஆகியவற்றைச் சுற்றி இயங்குகிறது. உற்பத்தி இடைவெளிக்குச் சாதி கிடையாது.

பதவி உயர்வில் இட ஒதுக்கீடு வழங்க அளவிடத்தக்க தரவு வேண்டும் என்று எம். நாகராஜ் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பட்டியல் சாதியினரின் பின்தங்கிய நிலைக்கும் தரவு வேண்டும் என்ற பகுதியை 2018-இல் ஜர்னைல் சிங் வழக்கு நீக்கியது. போதிய பிரதிநிதித்துவம் இல்லை என்பதற்கான தரவு இன்றும் தேவை. ஒரு அலுவலகத்தின் சில பதவி உயர்வுகளுக்கு இவ்வளவு சான்று கேட்கப்படுகிறது. கோடிக்கணக்கான தினக்கூலிகளின் வாழ்வைத் தொடும் வட்டி முடிவுக்கு அது பட்டியல் சாதியினரை எப்படித் தாக்கும் என்ற ஒரு வரிக் கணக்குகூடக் கேட்கப்படுவதில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோரின் பொருளாதார நலன்களைத் தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என்கிற அரசமைப்புச் சட்டத்தின் 46-ஆம் உறுப்பு வழக்கிட்டு நிறைவேற்றத்தக்கதன்று என்பது உண்மை. ஆட்சிக்கு அடிப்படையானது என்று 37-ஆம் உறுப்பு சொல்வதும் உண்மை.

மாதிரிகளைக் கட்டுவோர் 'தானியங்கித் தணிப்பான்' என்று ஒன்றைச் சொல்வர்: சரிவு வந்ததும் புதிய ஆணை ஏதுமின்றித் தானே விரியும் செலவு. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் நம் நாட்டில் அப்படி இயங்கியது. 2020–21-இல் அதன்கீழ் ஏறத்தாழ 389 கோடி மனித நாட்கள் வேலை வழங்கப்பட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருடையது. வட்டிக் குறைப்பு எட்டாத சேரியை மண்வெட்டி எட்டியது.

இனி தரவு. 2017 ஏப்ரலில் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு ஒவ்வொரு வீட்டிலும் சமூகப் பிரிவைக் கேட்டுப் பதிவு செய்கிறது. ஆனால் காலாண்டு அறிக்கைகளின் அட்டவணைகள் வயது, பால், மாநிலம் என்ற வரிசையில்தான் அமைந்தன. சமூகப் பிரிவுவாரி அட்டவணையை ஆண்டறிக்கையில்தான் காண முடியும். வணிகச் சுழற்சியை அளப்பதற்கு ஆண்டுச் சராசரி உதவாது. மேலே கண்ட 44-இலிருந்து 24-க்கான வீழ்ச்சி நான்கே மாதங்களில் நடந்தது. வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதி சேர்க்கப்படும் என்று 2025 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை முடிவெடுத்ததை நாம் வரவேற்கிறோம். எனினும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படத்தில் ஓட்டம் பதிவாகாது. கேட்டுப் பதிவு செய்ததைக் காலாண்டுதோறும், இயன்றால் மாதந்தோறும், சமூகப் பிரிவுவாரியாக வெளியிட வேண்டும் என்பதே நம் கோரிக்கை. அதற்குப் புதிய கணக்கெடுப்பு எதுவும் தேவையில்லை.

அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. கணக்கெடுப்பின் அடிப்படைப் பதிவுகளைப் புள்ளியியல் அமைச்சகமே பொதுவில் வெளியிடுகிறது. சமூகப் பிரிவுக்கான கட்டத்தில் பழங்குடியினருக்கு 1, பட்டியல் சாதிக்கு 2, பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 3, ஏனையோருக்கு 9 என்று குறியீடு இருக்கும். நகர்ப்புறங்களில் ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்த நான்கு காலாண்டுகள் சென்று கேட்டிருப்பதால், இந்தக் காலாண்டில் வேலையிலிருந்து அடுத்த காலாண்டில் இல்லாமல் போனவர் யார் என்று பின்தொடர முடியும். கௌச்சும் ஃபேர்லியும் செய்த சோதனையை நாமும் செய்யலாம். மாதிரிகளைத் தீர்க்க உதவும் டைனார் போன்ற மென்பொருள்களும் பைத்தான் நிரல்களும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு கல்லூரியின் பொருளியல் துறையில் நான்கு மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை இது.

சில எச்சரிக்கைகள் மட்டும். வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்க்க வேண்டாம். சேமிப்பில்லாதவர் வேலையின்றி இருக்க முடியாது, கிடைத்த கூலிக்குப் போய்விடுவார்; எனவே வாரத்தில் வேலை செய்த நாட்கள், மணிநேரம், தினக்கூலியாக இறங்கியவர் எண்ணிக்கை ஆகியவற்றைச் சேர்த்து எடுக்க வேண்டும். ஒரு மாநிலத்தின் ஒரு காலாண்டில் பட்டியல் சாதி வீடுகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் பிழை வரம்பு பெரிதாகும். அனைத்திந்திய அளவில் தொடங்குவது நல்லது. ஊரைவிட்டுப் போன வீடு அடுத்த வருகையில் பட்டியலிலிருந்து நழுவிவிடும், நழுவுவோரில் நம் மக்கள் மிகுதியாக இருக்கக்கூடும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை இந்து, சீக்கிய, பௌத்த மதத்தினரை மட்டுமே பட்டியல் சாதியாக ஏற்பதால், தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் பெரும்பாலும் குறியீடு 3-க்குள் போய்விடுவர். அவர்களை அந்தக் கட்டத்திலிருந்து பிரித்தெடுக்கும் வழி அப்பதிவுகளில் இல்லை.